பிறந்த குழந்தையைக் கொஞ்சுறது: எப்படி, எவ்வளவு, எங்கே நிறுத்தணும்?

புது_அப்பச்சி
முதல் நாற்பது, ஐம்பது நாளுக்குள்ள இருக்கிற குழந்தையைக் கொஞ்சுறதைப் பத்தி மட்டும் இந்த இழை. பால், தடுப்பூசிக்கெல்லாம் வேற இழை ஓடுது. பார்க்க வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தூக்கிப் பழக்காதேங்கிறார் ஒருத்தர், தூக்கலேன்னா ஏங்கிப்போகும்ங்கிறார் இன்னொருத்தர். முத்தம் கூடாதுன்னு டாக்டர், முத்தம் குடுக்காம பிள்ளை எதுக்குன்னு அப்பத்தா. இத்தனை சின்னக் குழந்தைகூட விளையாட முடியுமா? முடியும்னா என்ன விளையாட்டு? கன்னத்தைப் பார்த்தா கடிச்சுத் தின்னுடலாம் போல வர்றது எல்லாருக்கும் உள்ளதுதானா?

மட்டுறுத்துநர்
நல்ல கேள்வி. ஒரே ஒரு வேண்டுகோள்: "எங்க வீட்டுப் பிள்ளைக்கு..." கதைகளுக்கு 'பிள்ளைப்பேறு அனுபவங்கள்' பகுதி இருக்கு. இங்கே செய்முறை, காரணம், எச்சரிக்கை மட்டும்.

தேவகோட்டைத்_தாதி
விளையாட முடியும். ஆனா நம்ம வேகத்துல முடியாது, அதுதான் விஷயமே.

பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 16, 17 மணி நேரம் தூங்கும். மிச்ச நேரத்தில் பெரும்பகுதி பால் குடிக்கவும் அழவும் போயிடும். கண்ணைத் திறந்து, கை கால் அடங்கி, பளிச்சுன்னு பார்த்துக்கிட்டு இருக்கிற நேரம் ஒரு தடவைக்குச் சில நிமிஷம்தான். பெரும்பாலும் பால் குடிச்சு ஏப்பம் விட்டதும் வரும். கொஞ்சுறதுக்கு உள்ள நேரம் அது. தூங்குற பிள்ளையை எழுப்பிக் கொஞ்சுறதும், பசியில் வாயைத் திருப்பித் திருப்பித் தேடுற பிள்ளைகிட்ட கிலுகிலுப்பையை ஆட்டுறதும் வீண்.

உட்காருற முறை: சுவத்துல சாய்ஞ்சு, முழங்காலை மடக்கி நிமித்தி உட்காருங்க. குழந்தையைத் தொடை மேல மல்லாக்கப் படுக்க வைங்க. தலை உங்க முழங்கால் பக்கம், பாதம் உங்க வயித்துப் பக்கம். ரெண்டு கையும் தலைக்கும் தோளுக்கும் அண்டை குடுக்கட்டும். உங்க முகம் அது முகத்திலேர்ந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கணும். பிறந்த பிள்ளைக்கு ஓரளவு தெளிவாத் தெரியிற தூரமே அவ்வளவுதான். மாரில் பால் குடிக்கையில் தாய் முகம் இருக்கிற தூரமும் அதுதான். நிலைவாசல்ல நின்னு கையாட்டினா அதுக்கு வெளிச்சமும் நிழலும்தான்.

அப்புறம் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு சும்மா இருங்க. அஞ்சு, பத்து விநாடி. அந்தச் சின்ன மூளைக்குப் பதில் சொல்ல நேரம் வேணும். புருவம் தூக்கும், வாயை வட்டமாக்கும், கால் ஒரு உதை உதைக்கும், இல்லேன்னா அசையாம இருக்கும். அது பதில். அதுக்கப்புறம் உங்க முறை. பாதிப் பேர் இந்த இடைவெளியை விடுறதே இல்லை. பட்டாசு கொளுத்துன மாதிரி தொடர்ந்து பேசிக்கிட்டே போவாங்க, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கும், "என்னைப் பிடிக்கல"ம்பாங்க.

பள்ளத்தூரான்
அருமை. நாக்கை நீட்டினா பிறந்த குழந்தையும் திருப்பி நீட்டும்னு சொல்வாங்களே, அதையும் சேர்த்துக்கலாம். ஆராய்ச்சியே இருக்கு.

நெற்குப்பை
இருக்கு, எதிர்த்தும் இருக்கு. 1977-ல் மெல்ட்சாஃபும் மூரும் ரெண்டு, மூணு வாரக் குழந்தைங்க பெரியவங்க முகச்சேட்டையைத் திருப்பிச் செய்யுதுன்னு எழுதினாங்க. 2016-ல் ஆஸ்திரேலியாவில் நூத்துச் சொச்சம் குழந்தைகளை 1, 3, 6, 9 வாரங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த குழு, நாக்கை நீட்டிக் காட்டினாலும் வேற எதைக் காட்டினாலும் பிள்ளைங்க ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் நாக்கை நீட்டுதுன்னு சொல்லிச்சு. விவாதம் இன்னும் முடியல. விளையாடுறதுக்குத் தடையில்லை. "இன்னிக்கு நீட்டல, மூளை வளர்ச்சியில ஏதோ குறை"ன்னு கவலைப்படத்தான் கூடாது.

சிரிப்புக்கும் இதே கணக்கு. தூக்கத்தில் உதட்டோரம் வர்ற சிரிப்பை "நரி விரட்டுது"ம்பாங்க ஆயாமார்கள். அது தூக்கத்தில் தானா வர்ற அசைவு. உங்க முகத்தைப் பார்த்து, கண்ணும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு ஆறிலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள வரும். மூணு மாசம் முடிஞ்சும் வரலேன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

குரலைப் பத்தி மட்டும் சந்தேகம் வேண்டாம். 1980-ல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் செஞ்ச சோதனையில், பிறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தைங்க ரப்பர் காம்பைச் சப்புற தாளத்தை மாத்தி மாத்தித் தாயோட குரலை வரவழைச்சுக் கேட்டாங்க. வயித்துக்குள்ள இருந்தப்பவே கேட்டுப் பழகின குரல்.

கண்டாங்கி
பார்வைக்கு இன்னொண்ணு. இந்த வயசில் வெளிர் நிறமெல்லாம் கலங்கித்தான் தெரியும், எடுப்பான கரையும் கட்டமும் பிடிக்கும். கடையில் விக்கிற கறுப்பு வெள்ளை அட்டைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அகலக் கட்டம் போட்ட காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை மடியில் விரிச்சுப் பாருங்க, கட்டத்தோட ஓரத்தையே பிள்ளை வெறிச்சுப் பார்க்கும். புதுச் சேலை வேண்டாம். கஞ்சி போக அலசின பழசு நல்லது. (2019-ல் புவிசார் குறியீடு வாங்குன சேலைக்கு இப்படியும் ஒரு பயன்.)

புது_அப்பச்சி
நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?

தேவகோட்டைத்_தாதி
அழுகை கடைசி அடையாளம். அதுக்கு முன்னாடியே சொல்லிடும். முகத்தைத் திருப்பிக்கும். கொட்டாவி, விக்கல், தும்மல் வரும். விரலை விரிச்சு, "நிறுத்து"ன்னு கை காட்டுற மாதிரி நீட்டும். முதுகை வில்லா வளைக்கும். தோல் திட்டுத்திட்டா நிறம் மாறும். இதில் ரெண்டு சேர்ந்து வந்தாலே பேச்சை நிறுத்தி, தோளில் போட்டுக்கிட்டுச் சும்மா இருங்க. முகத்தைத் திருப்பின பக்கமே போய் எட்டிப் பார்த்து "இங்கே பாரு, இங்கே பாரு"ங்கிறதுதான் எல்லாரும் செய்யிற தப்பு. ஒரு நிமிஷம் விட்டா அதுவே திரும்பிப் பார்க்கும். திரும்பலேன்னா அன்னைக்கு அவ்வளவுதான்.

கானாடுகாத்தான்
செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக்காரங்களுக்கு: வளவும் (நடு முற்றத்தைச் சுத்தின இடம்) பட்டாலையும் (பெரிய கூடம்) எதிரொலிக்கும். ஆத்தங்குடிக் கல்லுத் தரை, வழவழன்னு பூச்சு பூசின சுவர், உயரக் கூரை, எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. அங்கே கை தட்டிக் கொஞ்சினாலோ எவர்சில்வர் தட்டு விழுந்தாலோ பிள்ளை ரெண்டு கையையும் விரிச்சுப் பதறும். பதறுறது இயல்பான அனிச்சைதான், நோய் இல்லை. ஆனா நாள் பூரா பதறினா தூக்கம் கெடும். கொஞ்சுறதை வீட்டுப் பின்பகுதியான ரெண்டாங்கட்டில் ஒரு சின்ன அறையில், பாயும் துணியும் விரிச்சு வச்சுக்குங்க. வளவில் வச்சுக் கொஞ்சணும்னா முற்றத்து வெயில் கண்ணில் நேரா விழாத ஓரம்.

வளவு_ஆச்சி
கை தட்டுறது எல்லாம் இப்ப எதுக்கு? பிள்ளைத்தமிழ்ப் பாட்டுல செங்கீரை (தலையத் தூக்கி ஆடுறது) அஞ்சாம் மாசம், சப்பாணி கொட்டுறது ஒம்பதாம் மாசம்னு அப்பவே வகுத்து வச்சிருக்காக. கழுத்து நின்னு, உக்காந்து, அப்புறந்தான் கை கொட்டுறது. முத்தம் கேக்குற பருவங்கூட பதினோராம் மாசந்தான் வருது, பாத்துக்கங்க.

இந்த மாசத்துக்குத் தாலாட்டு போதும். ராகம் தெரியணும்னு இல்ல. மூச்சு விடுற வேகத்துல ஆராரோன்னு தொடங்கி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு அடி. குரலை ஒசத்தாம, நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டுப் பாடணும், நெஞ்சுல அதிர்றது பிள்ளைக்குத் தெரியும். வரி மறந்துபோச்சுன்னா பேரை அடுக்குங்க. மாமன் பேரு, அத்தை பேரு. அதுவும் தீந்துட்டா நம்ம நகரத்தாருக்கு ஒம்பது கோயிலு இருக்கே: இளையாத்தங்குடி, மாத்தூரு, வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூரு, பிள்ளையார்பட்டி. ரெண்டு சுத்து வர்றதுக்குள்ள கண்ணு சொக்கிரும். ஒரே பாட்டைத் தெனமும் பாடணும். தெனம் ஒரு புதுப் பாட்டு பிள்ளைக்கு வேண்டியதில்ல, நமக்குத்தான் சலிக்கும்.

பள்ளத்தூரான்
ஆச்சி, தூக்கி வச்சுக்கிட்டே பாடினா கையிலேயே இருக்கிற பழக்கம் ஆயிடாதா?

நெற்குப்பை
ஆச்சிக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். முதல் மூணு மாசத்தில் தூக்கிக் கெட்டுப்போற பிள்ளை கிடையாது. அழுதா யாராவது வருவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு நடிக்கிற அளவுக்கு மூளை இன்னும் வளரல. 1986-ல் ஹன்சிக்கர், பார் ரெண்டு பேரும் கனடாவில் செஞ்ச ஆய்வில், அழுதாலும் அழாட்டியும் தினம் கூடுதலாகத் தூக்கி வச்சிருந்த குழந்தைங்க ஆறாவது வாரத்தில் மத்த குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவா அழுதாங்க. ஆறாவது வாரம்தான் அழுகை உச்சத்தில் இருக்கிற வாரம். ஆனா ஏற்கெனவே விடாம அழுகிற வயித்துவலிப் பிள்ளைங்களுக்கு இதே வழி பலிக்கலன்னு பின்னாடி வந்த ஆய்வு சொல்லிச்சு. அந்த வீட்டுக்காரங்க தூக்கினது போதலையோன்னு மனசைப் போட்டு வருத்திக்க வேண்டாம்.

கையில் தூங்கினது பாயில் போட்டதும் முழிச்சுக்குதா? 2022-ல் ஜப்பானில் குமி குரோதா குழு பார்த்த முறை இது: தூக்கி நெஞ்சோட வச்சு அஞ்சு நிமிஷம் நிக்காம நடக்கணும். சட்டுன்னு திரும்பாம, ஒரே சீரா. தூங்கினதும் உடனே போடாம, உட்கார்ந்து அஞ்சிலேர்ந்து எட்டு நிமிஷம் மடியிலேயே வச்சிருக்கணும். பிறகு போடணும். தூக்கம் ஆழமாகிறதுக்கு முன்னாடி உடம்பிலேர்ந்து பிரிக்கிறப்பதான் முழிப்பு தட்டுது. முகப்பிலேர்ந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் நேர்கோட்டில் நடக்க நம்ம வீடுகளைவிட வசதி எங்கே இருக்கு?

கானாடுகாத்தான்
இவ்வளவு நடை எதுக்கு? தூளி கட்டினா முடிஞ்சுது.

தேவகோட்டைத்_தாதி
அண்ணே, தூளி நல்லதுதான், ஆனா அதில் ஒரு கோளாறு இருக்கு. துணி நடுவில் பள்ளமாகும்போது பிள்ளையோட தாடை நெஞ்சில் ஒட்டிக்கும். பிறந்த குழந்தைக்கு மூச்சுக்குழல் மெல்லிசு, கழுத்து மடங்கினா அடைபடும். சத்தமே வராது, அழக்கூட முடியாது. அதனால தூளி ஆத்துறதுக்கு மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தூங்கினதும் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் போடணும். தலையணை, பஞ்சுப் பொம்மை எதுவும் கூட வேண்டாம். குறைமாசப் பிள்ளைக்குத் தூளியே வேண்டாம்.

கட்டுறதானா: வெளுத்துப் பழகின நூல் சேலை, பட்டும் நைலக்ஸும் வழுக்கும். உத்தரத்துக் கொக்கி நூறு வருஷத்துதா இருக்கலாம், துருவும் ஆட்டமும் இருக்கான்னு பெரியவர் ஒருத்தர் இழுத்துத் தொங்கிப் பார்க்கணும். தொட்டில் கட்டை குறுக்கே போட்டாதான் துணி விரிஞ்சு நிக்கும், இல்லேன்னா ரெண்டு பக்கமும் முகத்து மேல மூடும். அடி தரையிலேர்ந்து ஒரு முழத்துக்கு மேல வேண்டாம். கீழே மெத்தை. பிள்ளையைப் போட்டதும் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ரெண்டு விரல் நுழையுதான்னு பாருங்க. புரள ஆரம்பிச்சதும் அவிழ்த்துடுங்க.

கானாடுகாத்தான்
தொங்கிப் பார்க்கிறது சரியான யோசனை. ரெண்டு விரல் கணக்கு இதுவரைக்கும் கேள்விப்படாதது. ஒத்துக்கிறேன்.

புது_அப்பச்சி
கடிக்கணும் போல வர்றதுக்குப் பதிலே வரல!

நெற்குப்பை
வருது. பெரிய நெத்தி, பெரிய கண்ணு, உப்பின கன்னம், குட்டை மூக்கு, இந்த அமைப்பு பெரியவங்ககிட்ட பராமரிக்கிற உணர்ச்சியைத் தூண்டுதுன்னு கொன்ராட் லாரன்ஸ் 1943-லேயே எழுதினார். 2015-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரியானா அரகோன் குழு கேட்டது உங்க கேள்வியேதான்: பாசம் பொங்கும்போது ஏன் பல்லைக் கடிக்கிறோம், கையை இறுக்குறோம்? அளவு மீறின சந்தோஷத்தில் அழுகை வர்ற மாதிரி, பொங்குற உணர்ச்சியை எதிர்ப்பக்கத்து வெளிப்பாடு கொஞ்சம் தணிக்குதுன்னு அவங்க விளக்கம். இந்த மாதிரி வெளிப்படுத்தினவங்க சீக்கிரம் நிதானத்துக்கு வந்தாங்க. கெடுதல் செய்யிற எண்ணம் அதில் துளிகூட இல்லை.

வாசனையும் சும்மா இல்லை. 2013-ல் வந்த ஒரு ஆய்வில் ரெண்டு நாள் குழந்தைங்க போட்டிருந்த சட்டையை 30 பெண்களுக்கு முகரக் குடுத்து மூளையைப் படம் பிடிச்சாங்க. பசிச்சவனுக்குச் சோறு கிடைச்சாப்ல மகிழுற பகுதிகள் வேலை செஞ்சுது, புதுத் தாய்மாருக்கு இன்னும் கூடுதலா.

தேவகோட்டைத்_தாதி
அந்த வேகத்தை எங்கே இறக்கி வைக்கிறதுங்கிறதுதான் முக்கியம். முத்தத்தைப் பத்தித் தெளிவாச் சொல்லிடறேன்.

உதட்டோரம் நீர்க்கொப்புளம் வரவைக்கிற ஹெர்பிஸ் வைரஸ் பெரியவங்களுக்குச் சில நாள் எரிச்சல். பிறந்து நாலு, ஆறு வாரத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்குப் பரவினா மூளை, கல்லீரல் வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்து. கக்குவானும், நெஞ்சுச்சளி வைரஸ்களும் அப்படித்தான். அதனால பார்க்க வர்றவங்க யாரா இருந்தாலும் முகத்திலும் கையிலும் முத்தம் குடுக்கக் கூடாது. கையை ஏன் சேர்த்துச் சொல்றேன்னா, அடுத்த நிமிஷம் அந்தக் கை வாய்க்குள்ள போகும். பெத்தவங்களுக்கே கொப்புளம் வந்தா, பக்கு உதிர்ந்து முழுசா ஆறுற வரைக்கும் முத்தமே கூடாது, முகக்கவசம் போட்டு, கை கழுவிட்டுத்தான் தூக்கணும். புண்ணு மார்பில் வந்தா அந்தப் பக்கம் பால் குடுக்காம உடனே டாக்டரைப் பாருங்க.

மூணு மாசத்துக்குள்ள குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே ஆஸ்பத்திரிதான். கை வைத்தியம் வேண்டாம்.

வளவு_ஆச்சி
அதுக்குத்தான் உச்சி மோந்து பாக்குறதுன்னு ஒண்ணு இருக்கு. வாய வைக்காம, மூக்கை உச்சந்தலையில வச்சு இழுத்து மோக்குறது. ஒரு தும்மலும் இருமலும் இல்லாதவக எல்லாம் செய்யலாம். இன்னொண்ணு பாதம். பாதத்துல குடுக்குற முத்தம் வாய்க்குப் போகாது.

தேவகோட்டைத்_தாதி
ஆச்சி சொன்னதில் மாத்த ஒண்ணுமில்லை. உச்சிக்குழியைத் தொடவே பயப்படுறாங்க. மெதுவாத் தொட்டா ஒண்ணும் ஆகாது, கெட்டியான சவ்வு மூடியிருக்கு. அது மூட ஒண்ணு, ஒண்ணரை வருஷம் ஆகும். அழாம நிமித்தி வச்சிருக்கும்போது புடைச்சிருந்தாலோ, ரொம்பக் குழி விழுந்தாலோ காட்டுங்க.

செய்யவே கூடாதது: மேல தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது, குலுக்குறது. கழுத்து நிக்க ஏறத்தாழ நாலு மாசம் ஆகும், தலை வேகமா ஆடிக் குலுங்கினா மூளைக்குள்ள ரத்தக்குழாய் அறுந்துபோகலாம். தொப்புள்கொடி காஞ்சு விழாம வயித்தில் வாயை வச்சு "புர்ர்"ருன்னு ஊதக் கூடாது, அந்த இடம் ஈரமே ஆகக் கூடாது. குளிப்பாட்டும்போது மார்க்காம்பை அமுக்கிப் "பால் எடுக்கிறது" இன்னும் சில வீட்டில் நடக்குது. தாயோட ஹார்மோனால பிள்ளைக்கு மார் வீங்கும், சில வாரத்தில் தானா வடியும். அமுக்கினா சீழ் வைக்கும். மூக்கை நீவி எடுப்பாக்குறதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுறதும் வேண்டாம். அழகுக்குக் கண்ணில் மை வேண்டாம், ஈயம் கலந்திருக்கலாம். திருஷ்டிப் பொட்டு கட்டாயம்னா உள்ளங்காலில் வைங்க. தேன் தொட்டு வைக்கிறது ஒரு வயசு வரைக்கும் கிடையாது.

பள்ளத்தூரான்
அப்பச்சிமாருக்கு, அதான் தகப்பன்மாருக்கு, என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?

நெற்குப்பை
நெஞ்சு! 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாம, எடை குறைஞ்ச குழந்தைகளைத் தாய் நெஞ்சோட தோல்மேல் தோலாக் கட்டி வச்ச முறைதான் இப்ப கங்காரு பராமரிப்பு. நிறைமாசப் பிள்ளைக்கும், தகப்பன் செஞ்சாலும் பலன் உண்டு. செண்ட், பவுடர் போடாமக் குளிச்சு, சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் கழட்டிடணும். சட்டையில்லாம சாய்ஞ்சு உட்காரணும். பிள்ளைக்கு அரைத்துணி மட்டும். நிமித்தி நெஞ்சில் ஒட்ட வச்சு, முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரியணும். முதுகுக்கு ஒரு துணி. ஒரு மணி நேரம் இருந்தா நல்லது. உங்களுக்குத் தூக்கம் சொக்கினா உடனே வேற ஆள்கிட்ட குடுத்துடணும். சோபாவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கிட்டுத் தூங்குறது ரொம்ப ஆபத்து. கத்திரி வெயில் நாளில் போர்த்தவே வேண்டாம். கை கால் சில்லுன்னு இருக்கிறதை வச்சுக் குளிர்னு நினைக்காதீங்க, நெஞ்சைத் தொட்டுப் பாருங்க.

கண்டாங்கி
எல்லாரும் பாசம் பொங்குதுன்னே பேசுறோம். பொங்காத தாய்மாரும் இருக்காங்க. முதல் ரெண்டு வாரம் காரணமில்லாம அழுகை வர்றது பொதுவா உள்ளதுதான். ரெண்டு வாரம் தாண்டியும் பிள்ளையைப் பார்த்தா ஒண்ணுமே தோணல, தூக்கமும் வரல, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செஞ்சுடுவோமோன்னு பயம்னா அது வைத்தியம் உள்ள நோய். அரசு மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். "கடிக்கணும் போல" வர்றது சிரிச்சுக்கிட்டே வரும். கோபத்தில் கை இறுகினா, பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் போட்டுட்டு, முகப்புக்குப் போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்க. அழுதுக்கிட்டு இருந்தாலும் பரவாயில்லை.

புது_அப்பச்சி
கடைசியா ஒண்ணு. மூணு, நாலு வயசு மூத்த பிள்ளை இருக்கிற வீட்டில், பாசத்தில் கன்னத்தைக் கிள்ளிடுதுங்க. அதட்டினா தள்ளிப் போயிடுது.

வளவு_ஆச்சி
அதட்டாதீக தம்பி. பாதத்தை அதுக்குன்னு ஒதுக்கிக் குடுத்துருங்க. "கால் ரெண்டும் ஒனக்கு, எண்ணி விரலு சரியா இருக்கான்னு தெனம் நீதான் பாத்துச் சொல்லணும்"னா போதும்.

தேவகோட்டைத்_தாதி
தூக்க ஆசைப்பட்டா நின்னுக்கிட்டுக் கூடாது. தரையில் பாய், சுவத்தோரம் சாய்ஞ்சு காலை நீட்டி உட்காரச் சொல்லுங்க. மடியில் தலையணை, தலையணை மேல பிள்ளை, தலைக்குக் கீழே உங்க கை. ரெண்டு நிமிஷம் போதும். சளி இருந்தா அன்னைக்குப் பாதமும் கிடையாது, தூர உட்கார்ந்து பாட்டு மட்டும்.